இன்பராஜுக்குச் சர்க்கரை இல்லை

பல் டாக்டர்தான் முதலில் கண்டுபிடித்தார். பல் கூச்சம் தாங்க முடியாமல் ஆம்பூர் பஜாரில் இருந்த கிளினிக்குக்குப் போயிருந்தான் இன்பராஜ். டாக்டர் சின்னக் கண்ணாடியை மேல்வரிசைப் பற்களுக்குப் பின்னால் நுழைத்து நெடுநேரம் பார்த்தார். பற்களின் முன்பக்கம் நன்றாக இருந்தது. பின்பக்கம் கரைந்திருந்தது.

"வாந்தி அடிக்கடி வருமா?"

"கேஸ் இருக்கு டாக்டர்."

"கேஸுக்கு இவ்ளோ ஆகாது." கண்ணாடியை வெளியே எடுத்தார். "நீங்களா வரவச்சிக்கிறீங்களா?"

வாயில் பஞ்சு இருந்தது. பதில் சொல்ல வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தது. ஆனால் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. டாக்டர் அதையே பதிலாக எடுத்துக்கொண்டார். வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியின் பெயரையும் எந்தப் பிரிவுக்குப் போக வேண்டும் என்பதையும் சீட்டில் எழுதிக் கொடுத்தார். வெளியே வந்ததும் இன்பராஜ் அந்தச் சீட்டை மடித்தான். பிரிவின் பெயர் உள்ளே போகும்படி இன்னொரு முறை மடித்தான்.

அவனுக்கு நாற்பத்திரண்டு வயது. ஷூ கம்பெனியில் பைனல் செக்கிங். பெட்டிக்குள் போவதற்கு முன் ஷூவை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சுருக்கமோ பசைக் கறையோ தையல் விட்ட இடமோ இருந்தால் அங்கே ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டித் திருப்பி அனுப்புவது வேலை. அப்பா தனகோடி தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றே ஆயுளை முடித்தவர். தோலைப் போட்டுச் சுற்றும் பெரிய மர உருளைக்கு அங்கே டிரம் என்று பெயர். சின்ன வயதில் தெருவில் இன்பராஜுக்கும் அதுதான் பெயர். "டிரம்மு, உருண்டு வாடா" என்பார்கள். அப்பாவும் சில நாள் அப்படிக் கூப்பிட்டார், செல்லமாகத்தான்.

பெண் பார்க்கக் குடியாத்தம் போனபோது, கேசரித் தட்டை நீட்டிய பெண்ணின் சித்தி, "மாப்ளைக்கு ரெண்டு சேர் போடுங்க" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். மேகலா சிரிக்கவில்லை. அதற்காகவே அவளைக் கட்டிக்கொள்ளச் சம்மதித்தான். கல்யாணம் வரை காலையில் டீ, மதியம் வாழைப்பழம் என்று இருந்தான். ஒரு சாயங்காலம் தாங்காமல் பிரியாணிக் கடையில் உட்கார்ந்தான். நிறுத்த முடியவில்லை. பயந்துபோய்க் கடைக்குப் பின்னால் சென்று எல்லாவற்றையும் வெளியேற்றினான். கல்யாணத்தன்று கோட்டு அவனுக்குத் தளர்வாக இருந்தது. இளைத்துவிட்டான் என்று சபையில் எல்லோரும் மெச்சினார்கள்.

கல்யாணம் முடிந்தும் அது முடியவில்லை. ஷிப்ட் விட்டதும் வேறு வேறு கடைகளில் பார்சல் வாங்குவான். ஒரே கடையில் வாங்கினால் தெரிந்துவிடும். கடைக்காரர் கேட்பதற்கு முன் அவனே, "மச்சான் வந்துக்கீறான்" என்று சொல்லிவிடுவான். பாலாற்றுக் கரையில் முள்ளுச்செடி மறைவில் பைக் மேலேயே உட்கார்ந்து, பொட்டலத்தின் சூடு ஆறுவதற்குள் தின்று முடிப்பான். ருசி தெரியாது. பிறகு செடிக்குள் போவான். வாய் கொப்பளித்து, பாக்குப் போட்டு, வீட்டுக்குப் போய் மேகலா வைப்பதையும் கொஞ்சம் சாப்பிடுவான். சர்ச்சில் திருவிருந்து கொடுக்கும் ஞாயிறுக்கு முந்தின நாள் மட்டும் போகமாட்டான். அதற்கு மேல் தன்னால் ஆகாது என்று கடவுளுக்குத் தெரியும் என நினைத்துக்கொள்வான்.

வேலூரில் அந்தப் பிரிவின் வராந்தாவில் இளம்பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்தில் அவர்களுடைய அம்மாக்கள். ஆண் என்று இருந்தது அவன் ஒருவன்தான். பக்கத்து நாற்காலி அம்மாள் கேட்டாள்: "உங்க பொண்ணு உள்ள போயிருக்குதா?"

"ஆமா."

அவனுக்கு இருந்தது ஒரு பையன், ஹாஸ்டலில் படிக்கிறான். சற்று நேரத்தில் உள்ளேயிருந்து "இன்பராஜ்" என்று கூப்பிட்டார்கள். எழுந்தான். அந்த அம்மாள் காலை நகர்த்தி வழிவிட்டாள். அவள் முகத்தை அவன் பார்க்கவில்லை.

உள்ளே இருந்த கவுன்சிலர் எழிலரசி மேடத்துக்கு முப்பது வயதுகூட இருக்காது. என்ன சாப்பிடுவான், எங்கே வைத்து, பிறகு என்ன செய்வான் என்றெல்லாம் கேட்டாள். பஸ் எத்தனை மணிக்கு என்று கேட்பது போன்ற குரல். அவன் சுவரைப் பார்த்துச் சொன்னான். சொல்லி முடித்ததும் சட்டை முதுகில் ஒட்டியிருந்தது.

"மாத்திரை இல்லியா மேடம்?"

"இப்போதைக்கு இல்ல சார். வாரம் ஒரு தடவ வாங்க. பேசுவோம்."

"பேசினா நின்னுடுமா?"

"நிறைய பேருக்கு நின்னிருக்கு. சில பேருக்குக் குறையுது. சில பேர் பாதியில வராம போயிடறாங்க, அவங்களுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்கு எப்படின்னு இப்பவே சொன்னா அது பொய்."

அவள் முதலில் செய்யச் சொன்னது ஒன்றே ஒன்று. நேரத்துக்குச் சாப்பிட வேண்டும். மூன்று வேளை, நடுவில் ஏதாவது கொஞ்சம். முக்கியமாக மதியம். "பகல் பூரா காலி வயித்தோட இருக்கீங்க. அதான் சாயங்காலம் அப்படி ஆகுது."

"சோறா மேடம்?"

"எல்லாரும் சாப்பிடற சோறுதான்."

புதன்கிழமைதோறும் அரை நாள் லீவு வேண்டும். சூப்பர்வைசர் காரணம் கேட்டார். "சுகர்" என்றான். யோசித்துச் சொன்னதில்லை, வாயில் வந்தது அது. கம்பெனியில் சர்க்கரைக்கு ஒரு மரியாதை உண்டு. மேனேஜருக்கும் இருந்தது, வாட்ச்மேனுக்கும் இருந்தது. யாரும் அதைக் குரலைத் தாழ்த்திச் சொல்வதில்லை.

மதியம் சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கத்து ஷெட்டில் மூன்று பேர் சேர்ந்து சாப்பிடுவார்கள். இன்பராஜ், கட்டிங்கில் இருக்கும் நயீம் அகமது, பேக்கிங்கில் இருக்கும் ஆதிகேசவன். டப்பா மூடிகளை நடுவில் வைத்து, அவரவர் கொண்டுவந்ததில் கொஞ்சம் அடுத்தவர் மூடியில் வைத்த பிறகுதான் யாரும் கை வைப்பார்கள். வைக்காவிட்டால் கோபம். வைத்ததைத் தின்னாவிட்டால் அதைவிடக் கோபம். தனக்கு வைத்ததை மட்டும் கொறித்துவந்த இன்பராஜ், மேடம் சொன்ன பிறகுதான் தன் சோற்றையும் தின்ன ஆரம்பித்திருந்தான். மூவரில் மூத்தவர் ஆதிகேசவன். அவருக்கு உண்மையாகவே சர்க்கரை.

செய்தி பரவிய அன்று நயீம் சொன்னான்: "இன்பா, டப்பாவத் தொற."

"இன்னாத்துக்கு பாய்?"

"தொறடா. வெள்ளச் சோறு! சுகர்காரன் துன்றதா இது? விஷம்டா." சோற்றை வழித்துத் தன் டப்பாவில் போட்டுக்கொண்டு, கேழ்வரகு அடையில் பாதியைப் பிட்டு வைத்தான்.

"விஷத்த நீ மட்டும் துன்னலாமா?" என்றார் ஆதிகேசவன்.

"எனக்கு சுகர் இல்லண்ணா. தோஸ்துக்காக நான் தியாகம் பண்றேன்."

ஆதிகேசவன் சிரித்ததில் அவருக்குப் புரையேறியது. இன்பராஜும் சிரித்தான்.

அதோடு நின்றிருந்தால் வீட்டிலிருந்து வேறு ஏதாவது கொண்டுவந்திருப்பான். நயீம் பஜாரில் மேகலாவைப் பார்த்து, "தங்கச்சி, இனிமே அவனுக்கு வெள்ளச் சோறு கட்டாத" என்று சொல்லிவிட்டான். தன்னிடம் மறைத்துவிட்டானே என்று மேகலா அழுதாள். மறுநாளிலிருந்து டப்பாவில் ஒரே ஒரு கேழ்வரகு அடை. ராத்திரி ஒரு சப்பாத்தி. டீ நேரத்தில் பிஸ்கட் எடுத்தால் ஆதிகேசவன் மணிக்கட்டைப் பிடித்தார். "வேணாம்டா. எங்கப்பனுக்குக் கால எடுத்தத நான் பாத்தவன்." சாயங்காலத்துக்குள் இன்பராஜுக்குக் கை நடுங்கியது. அம்பு ஸ்டிக்கர் கோணலாக ஒட்டியது. "பாத்தியா, சுகர் வேலயக் காட்டுது" என்றான் நயீம்.

ஷிப்ட் விட்டதும் பாலாற்றுக் கரை. முன்னைவிட ஜாஸ்தி.

புதன்கிழமைகளில் எழிலரசி கேட்டாள்: "மதியம் சாப்பிட்டீங்களா சார்?"

"சாப்ட்டேன் மேடம்."

"சோறு?"

"சோறுதான்."

அவள் நெற்றியைத் தடவிக்கொண்டாள். மதியம் ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்குச் சாயங்காலம் இந்த அளவு வரக் கூடாது. சிகிச்சையில் பாதி தூரம் வந்தாகிவிட்டது. "நான்தான் எங்கயோ எதையோ விட்டுட்டேன்னு நினைக்கிறேன். சீனியர்கிட்ட கேட்டுட்டு வர்றேன். உங்க மேல தப்பு இல்ல சார்."

தப்பு இல்லை என்று அவள் சொன்னபோது அவன் மேஜை விளிம்பை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். உண்மையைச் சொல்ல வருகிற ஒரே இடத்திலும் பொய் சொல்லியாகிவிட்டது. பஸ்ஸில் திரும்பும்போது, பேசினால் தனக்குச் சரியாகாது போல என்று நினைத்தான். அப்படி நினைப்பது சௌகரியமாக இருந்தது.

நயீமின் மனைவி புஷ்ரா வெந்தயம், நாவல்கொட்டை, காய்ந்த பாகற்காய் எல்லாவற்றையும் இடித்துச் சலித்து ஒரு பாட்டிலில் கொடுத்தனுப்பினாள். நயீம் தினமும் ஒரு ஸ்பூனைத் தண்ணீரில் கலக்கி முன்னால் நின்று குடிக்க வைத்தான். சில வாரம் கழித்துத் தன் அம்மாவின் சர்க்கரை பார்க்கும் மெஷினைக் கொண்டுவந்தான்.

"விரல நீட்டு."

"வேணாம் பாய். வேலூர்லயே பாத்தாங்க."

"ஊசிக்கே பயப்படறான் பாரு. நீட்டுடா."

நூற்று நான்கு. நயீம் எழுந்து நின்று மெஷினைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினான். பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த வட்டத்திலிருந்தும் எட்டிப் பார்த்தார்கள். "நார்மல்! எங்க வீட்டுப் பவுடர்! டாக்டருங்கள்லாம் இனிமே பஸ் ஸ்டாண்டுல கடல விக்கட்டும்!"

ஆதிகேசவன் பாட்டிலை வாங்கி முகர்ந்து பார்த்தார். "எனக்கும் இடிச்சிக் குடு பாய்" என்றார்.

இன்பராஜுக்கு ஒரு வாய்ப்பு அப்போது இருந்தது. அவன் விரலில் வந்த ரத்தத்தைச் சப்பிக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நாளில் ஆதிகேசவன் நொண்ட ஆரம்பித்தார். சுண்டுவிரல் ஓரத்தில் ஷூ கடித்த புண், காயவில்லை. குழாயடியில் டப்பா கழுவும்போது, "மாத்திரைய நிறுத்திட்டேன்டா, பவுடரு மட்டும்தான். வாயி கசந்துனே இருந்துது. இப்ப நிம்மதி" என்றார்.

இன்பராஜ் குழாயை மூடினான். "நிறுத்தாதண்ணா."

"ஏன், நீ நிறுத்தல?"

"நான்... நான் மாத்திரையே சாப்பிடலண்ணா."

அது உண்மை. அவரிடம் அவன் சொன்ன ஒரே உண்மை. ஆதிகேசவன் அவன் தோளில் தட்டினார். "பின்ன? மாத்திரையே இல்லாம நூத்தி நாலு. என்ன மட்டும் சாப்புடச் சொல்ற!"

அடுத்த புதன்கிழமை எழிலரசி முதல் கேள்வியைக் கேட்பதற்கு முன்பே இன்பராஜ் பேச ஆரம்பித்தான். சர்க்கரை என்று சொன்னது, சோறு பறிபோனது, பவுடர், மெஷின், ஆதிகேசவனின் கால். முடிந்ததும் அவள் கேட்டாள்: "அப்ப இவ்வளவு நாளும் மதியம் நீங்க சோறு சாப்பிடவே இல்ல."

"இல்ல மேடம்."

"எங்கிட்ட சாப்பிட்டேன்னு சொன்னீங்க."

"ஆமா மேடம்."

அவள் முகத்தில் கோபம் வந்தது. மறைக்கவில்லை. மூச்சு விட்டுக்கொண்டாள். "சரி. அந்த அண்ணன் மாத்திரை போட்டாகணும், டாக்டர்கிட்ட காலைக் காட்டணும். அது தள்ளிப் போடற விஷயம் இல்ல. உங்களப் பத்தி எவ்வளவு சொல்லணும்னு நீங்க முடிவு பண்ணுங்க."

"சுகர் இல்லன்னு சொன்னா, பின்ன எதுக்கு வேலூர் போறன்னு கேப்பாங்க."

"கேப்பாங்க. என்ன சொல்வீங்க?"

அவன் சட்டைப் பையிலிருந்து பஸ் டிக்கெட்டை எடுத்து மடித்தான்.

"இங்க ஒரு தடவ சொல்லிப் பாருங்க. நான் மட்டும்தானே இருக்கேன்."

சொன்னான். ஒரு வாக்கியம். குரல் வேறு யாருடையதோ போல இருந்தது. இன்னொரு தடவை என்றாள். இரண்டாவது தடவையும் சுலபமாக இல்லை.

பஸ்ஸிலிருந்து ஆதிகேசவனுக்குப் போன் செய்தான், எடுக்கவில்லை. வேலை நேரத்தில் எல்லோருடைய போனும் லாக்கரில் இருக்கும். சாயங்காலம், ஆம்பூரில் இறங்கி பைக்கை எடுக்கும்போது கிடைத்தார். பின்னால் டி.வி. சத்தம்.

"அண்ணா, மாத்திர போடுண்ணா. இன்னிக்கே போடு. கால டாக்டர்கிட்ட காட்டு."

"இதுக்கா போன் பண்ண? நாளைக்குப் பேசலாம்டா, சீரியல் ஓடினு கீது."

போனை வைத்துவிட்டு வண்டியை வீட்டுப் பக்கம் திருப்பவில்லை. அன்றும் பாலாற்றுக் கரைக்குத்தான் போனான்.

மறுநாள் மதியம் மூடிகள் நடுவில் வைக்கப்பட்டன. ஆதிகேசவன் காலை நீட்டி உட்கார்ந்தார். கட்டியிருந்த துணியில் ஈரம் தெரிந்தது. நயீம் பவுடரைக் கலக்கினான்.

"எனக்கு சுகர் இல்ல" என்றான் இன்பராஜ்.

"இல்லன்னு சொல்லாத. கண்ணு பட்டுடும். கம்மின்னு சொல்லு."

"எப்பவுமே இல்ல பாய். பொய் சொன்னேன்."

நயீம் ஸ்பூனை நிறுத்தினான். "அப்ப புதங்கெழம புதங்கெழம வேலூர்ல இன்னா? சின்ன வீடா?" ஆதிகேசவனைப் பார்த்துக் கண்ணடித்தான். "மூஞ்சியப் பாருண்ணா, ஆளு எப்டி..."

"சாப்பிடறத வாந்தி எடுக்கறேன். வேணும்னே. நானே. ரொம்ப வருஷமா. அதுக்குத்தான் போறேன்."

பக்கத்து வட்டத்தில் யாரோ சிரித்தது வேறு எதற்கோ. ஆனாலும் இன்பராஜுக்குக் காது சுட்டது.

"வேணும்னேன்னா?" என்றான் நயீம்.

"துன்னுட்டு, விரல விட்டு."

"எதுக்குடா?"

எழிலரசியின் அறையில் அதைப் பற்றி எத்தனையோ பேசியிருந்தான். இங்கே, "குண்டாயிடுவேன்னு" என்றான். நாற்பத்திரண்டு வயது ஆம்பளை சொல்லும் வார்த்தையாக அது இல்லை.

"எங்க வீட்ல உக்காந்து இடிச்சாடா" என்றான் நயீம் மெதுவாக. "கையி கொப்புளிச்சி இடிச்சா. உனக்காக துவா பண்ணினா."

ஆதிகேசவன் டப்பாவை மூடினார். "மெஷின்ல நூத்தி நாலு வந்தப்ப நீ வாயத் தொறக்கல."

"அண்ணா..."

"கொழாயாண்ட சொன்னனே, மாத்திரைய நிறுத்திட்டேன்னு. அப்பவும் நெஜத்தச் சொல்லல. என் காலு அழுகறத பாத்துனு உக்காந்து துன்ன." எழுந்தார். "துன்னியோ வாந்தி எடுத்தியோ, அது உன் கதை. எங்கிட்ட ஏன்டா வெளாடின?"

நொண்டிக்கொண்டே கம்பெனியின் மெடிக்கல் ரூம் பக்கம் போனார். பின்னால் எழுந்த இன்பராஜை, "வராத" என்று திரும்பாமலே சொன்னார்.

நயீம் தன் டப்பாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். இன்பராஜின் டப்பாவில் கேழ்வரகு அடை இருந்தது. மேகலாவிடம் இன்னும் சொல்லவில்லை. மதியம் சோறு சாப்பிட வேண்டும். சோறு நயீமிடம்தான் இருந்தது. இவ்வளவையும் சொன்ன பிறகு அதைக் கேட்பது மற்ற எல்லாவற்றையும்விடக் கேவலமாக இருந்தது.

"பாய், கொஞ்சம் சோறு குடு."

நயீம் நிமிர்ந்து பார்த்தான். "துன்னுட்டு எடுத்துடுவியா?"

"தெரியல."

நயீம் டப்பாவை அப்படியே அவன் பக்கம் தள்ளினான். தானாக எடுத்து வைக்கவில்லை. இன்பராஜ் சோற்றை அள்ளித் தன் மூடியில் போட்டுக்கொண்டு சாப்பிட்டான். நயீம் பார்த்துக்கொண்டே இருந்தான். சைரன் ஒலித்தது. கக்கூஸ் இருக்கும் வழியாகத்தான் செக்கிங்குக்குப் போக வேண்டும். நயீம் அவன் பின்னாலேயே அந்த வழி தாண்டும்வரை வந்தான். சண்டைக்காரனை வெளியே கொண்டுபோய் விடுவது போல. வயிற்றில் சோறு கல்லாக இருந்தது. ஷூக்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. அவன் அவற்றைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன் மேகலாவிடம் சொன்னான். அவள் முதலில் கேட்டது, "நான் செஞ்சதையுமா?"

"இல்ல. கடையில வாங்கறத."

பிறகு, "செஞ்சதையும்தான். சில நாளு" என்றான். அவள் அடுப்பை அணைத்துவிட்டு வாசல் பக்கம் போய் நின்றாள். காலையில் டப்பாவில் சோறு இருந்தது.

எழிலரசி சொன்னது நடக்க ஆரம்பித்தது. ஒரேயடியாக இல்லை. மதியம் சோறு உள்ளே இறங்கிய நாள்களில் சாயங்காலம் கை நடுங்கவில்லை. பாலாற்றுப் பக்கம் வண்டி திரும்பாத வாரமும் வந்தது. மறுபடி திரும்பிய வாரமும் வந்தது. அதையும் போய்ச் சொன்னான். பேச வேண்டிய வாரங்கள் முடிந்தபோது, நின்றுவிட்டதா என்று அவன் கேட்கவில்லை. "குறைஞ்சிருக்கு சார். ரொம்பக் குறைஞ்சிருக்கு. திரும்ப வந்தா வாங்க" என்றாள். வராந்தாவில் ஒரு பெண்ணின் அப்பா உட்கார்ந்திருந்தார். அவனைப் பார்த்து, "பொண்ணுக்கா?" என்று கேட்டார். "எனக்கு" என்று சொல்லிவிட்டு வேகமாக நடந்தான்.

ஆதிகேசவனுக்குப் புண் ஆறியது. சுண்டுவிரல் நகம் மட்டும் போய்விட்டது. அவர் பேக்கிங் ஆள்களோடு வேறு வட்டத்தில் உட்கார ஆரம்பித்திருந்தார். ஷெட்டில் மூடிகள் இரண்டுதான். நயீம் பழையபடி கேலி பேசினான். ஆனால் புஷ்ரா செய்தது எதையும் இன்பராஜின் மூடியில் வைப்பதில்லை. வேண்டுமென்றால் அவனே எடுத்துக்கொள்ளலாம். விஷயம் லைன் முழுக்கத் தெரிந்திருந்தது. அவன் கக்கூஸுக்குப் போனால் யாராவது ஒருவர் மணியைப் பார்ப்பார்.

ஒருநாள் டப்பா கழுவும்போது குழாயடியில் ஆதிகேசவன் பக்கத்தில் வந்து நின்றார். பின்னால் நாலைந்து பேர் வரிசையில் இருந்தார்கள்.

"கால் எப்டி இருக்குண்ணா?"

அவர் தன் டப்பாவைத் தேய்த்தார். "காலு கீது. உனக்கு எப்டி? துன்னது உள்ள கீதா, வெளிய போச்சா?"

வரிசையில் ஒருவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். இன்பராஜின் காது சுட்டது. ஆதிகேசவன் சிரிக்கவில்லை. பதிலுக்காக நின்றார்.

"இன்னிக்கு உள்ள கீதுண்ணா. முந்தாநாள் இல்ல."

ஆதிகேசவன் டப்பாவை உதறினார். குழாயை மூடாமல் விட்டுவிட்டு நகர்ந்தார். இன்பராஜ் தன் டப்பாவைத் தண்ணீருக்கடியில் பிடித்தான்.